ஒரு பூனையின் சாவும் நமது சந்தேகமும்

பூனை ஒன்று செத்ததற்குக் கட்டுரை எழுதுவதா என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். தோட்டத்து மக்களுக்குக் கூலிக் கவலை இருக்கின்றது, குடியிருப்புக் கவலை இருக்கின்றது, பிள்ளைகளின் படிப்புக் கவலை இருக்கின்றது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு இந்தக் கிராணி ஒரு பூனையின் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாரே என்று அவர்கள் சொல்வார்களாயின் நாம் கோபிக்கப்போவதில்லை. ஆயினும் இந்தப் பூனையின் சாவில் ஒரு முதியவரின் குடியிருப்பும் அடங்கியிருந்தது. அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

நாம் வேலை பார்ப்பது பேராக்கில் சுங்கை சிப்புட்டுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில். ஒரு காலத்தில் எங்கும் பால்மரமாயிருந்து, இன்று எங்கும் செம்பனையாகிவிட்ட தோட்டங்களுள் அதுவும் ஒன்று. ஆபீசுக்குப் பின்புறம் கிராணி வீடு. அதற்கு இருபது கஜ தூரத்தில் பழைய லயத்தின் கடைசி வரிசை. அதற்கும் அப்பால் செம்பனைக் காடு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில், ஆபீசின் தாழ்வாரத்தில் நனைந்து நடுங்கி நின்ற செந்நிறக் குட்டி ஒன்றை நமது மகள் தூக்கி வந்து செவலை என்று பெயரிட்டாள். அதை வீட்டுப் பூனை என்பதா வெளிப் பூனை என்பதா என்பது இன்றுவரை நமக்கு விளங்கவில்லை. பகலில் நமது மேசைமீது சம்பளத் தாள்களின் மேல் உறங்கும். பொழுது சாய்ந்தால் காட்டுக்குள் போய்விடும். நமது வீட்டில் அது செவலை. லயத்தில் ஒரு வீட்டில் அதற்குச் சுப்பன் என்று பெயர். மலாய்க்காரக் காவலாளி அதை ஓயேன் என்று அழைப்பார். மூன்று பெயருக்கும் அது திரும்பிப் பார்க்கும்; மூன்று வீட்டிலும் உண்ணும். ஒருவருக்கும் உரியதாகாமல் எல்லாருக்கும் வேண்டியதாயிருப்பது மனிதர்க்கு அரிது. பூனைக்கு அது வெகு சுலபமாயிருந்தது.

சென்ற ஆண்டு ஒரு காலை ஆறரை மணிக்கு, வீட்டின் பின்புறக் கால்வாயோரத்தில் செவலை கால்கள் விறைத்துக் கிடந்தது. மூக்கில் சிறிது இரத்தம். உடலில் காயம் ஒன்றுமில்லை. முந்தின மாலையில் அது சோறு உண்ணாமல் முகர்ந்துவிட்டுப் போனது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது.

அதே நொடியில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கடைசி வரிசையில் தனியே குடியிருந்த முதியவர் ஒருவர், முன்னாள் மண்டோர், கோழி வளர்ப்பவர், முந்தின வாரந்தான் நம்மிடம் வந்து, “கிராணி ஐயா, உங்க பூனை என் குஞ்சைத் தூக்கிருச்சு. ஒரு நாளைக்கு இருக்கு அதுக்கு” என்று சொல்லிப் போனார். நாம் அப்பொழுது சிரித்துக்கொண்டு, “விடுங்க தாத்தா, நாலு குஞ்சு வாங்கித் தாரேன்” என்றோம். வாங்கித் தரவில்லை. இப்பொழுது பிணத்தின் முன் நின்றபோது அந்தச் சொல் மட்டும் காதில் ஒலித்தது. நாம் வாக்களித்துத் தவறியது ஒலிக்கவில்லை. முதியவரின் வீட்டைத் திரும்பிப் பார்த்தோம். கதவு பூட்டிக் கிடந்தது. குற்றமுள்ள நெஞ்சு முகங்காட்ட அஞ்சுகிறது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

மகள் ஓடிவந்தாள். ஏழு வயது. அழுதபின் அவள் கேட்ட முதற் கேள்வி, “எப்படிப்பா செத்துச்சு?” என்பது. நமது முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். அவளுடைய இரண்டாவது கேள்வி, “யாருப்பா கொன்னது?” என்பது. எப்படி என்பதை யார் என்று மாற்ற அந்தக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தது நமது முகம்.

துக்கத்துக்கு ஏன் இத்தனை விரைவில் ஓர் எதிரி வேண்டியிருக்கின்றது? நாம் கண்ட அளவில் காரணம் இதுதான்: துக்கம் கையைக் கட்டிப்போடுகிறது, கோபமோ கைக்கு ஒரு வேலை கொடுக்கிறது. செத்த பூனையை நாம் ஒன்றும் செய்ய முடியாது. உயிரோடிருக்கும் அயலானை ஏதேனும் செய்யலாம் அல்லவா? அன்றியும், கொன்றவன் ஒருவன் கிடைத்துவிட்டால், இரவில் கதவைத் திறந்து அதை வெளியே விட்டவர் நாமே என்ற எண்ணம் தலைதூக்காது.

அன்று காலை லயத்துப் பெண்மணி ஒருவர் பிணத்தைப் பார்த்துவிட்டு, வாசலில் பூனை செத்துக் கிடப்பது செய்வினையென்றும், யாரோ கிராணி குடும்பத்துக்கு வைத்தது பூனைமேல் விழுந்ததென்றும் சொன்னார். நாம் உள்ளுக்குள் நகைத்தோம். பகுத்தறிவுக் கூட்டங்களிற் பேசிய வாய் அல்லவா? ஆனால் பிற்பாடு ஆற அமர யோசித்தபோது, அவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு என்று தெரியவில்லை. அவர் காரணம் தெரியாத ஒரு சாவை எடுத்து, தமக்குப் பிடிக்காத ஒரு முகத்தோடு ஒட்டினார். நாமும் அதையே செய்தோம். அவர் மந்திரம் என்றார்; நாம் மருந்து என்றோம். சோதனை இருவரும் செய்யவில்லை.

சோதனை செய்ய வழியில்லாமலா இருந்தது? ஒரு மணி நேரத்துக்குள் ரம்புத்தான் மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் ஈப்போ. ஈப்போவில் 1948ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்ட விலங்கு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இருக்கின்றது. இறந்த பிராணியின் உடலைத் திறந்து நோயின் காரணம் அறிவது அத்தகைய கூடங்களின் அன்றாட வேலை. உடலைத் துணியிலும் பையிலும் சுற்றி, பனிக்கட்டிக்கிடையே குளிர வைத்து (உறைய வைத்தல் கூடாது; உறைந்தால் தசை கெட்டுவிடும்) அன்றே கொண்டுசேர்த்திருந்தால் ஏதேனும் தெரிந்திருக்கலாம். நமது நாட்டு வெயிலில் ஒரு பகல் கழிந்தால் உடல் சான்று சொல்லும் சக்தியை இழந்துவிடும். இதெல்லாம் பிறகு ஒரு கால்நடை வைத்தியரிடம் பேசியபோது நாம் கற்றது.

அவர் சொன்னவற்றுள் நம்மைத் திடுக்கிட வைத்தது, வெளியே திரியும் பூனையின் திடீர்ச் சாவுக்குக் காரணங்கள் எத்தனை என்பதே. பூனைகளுக்கு இதயத் தசை தடித்துப்போகும் வியாதி ஒன்று உண்டு. நேற்றுவரை ஓடித் திரிந்த பூனை இன்று விழுந்து சாகும். வெளியே ஓர் அடையாளமும் இராது. அதே வியாதியில் இரத்தக் கட்டி பின்னங்கால்களுக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டால், பூனை அலறிக்கொண்டு இடுப்பை இழுத்து வரும். பார்ப்பவர் யாரோ தடியால் அடித்துவிட்டார்கள் என்று சத்தியம் செய்வார்கள். குட்டிகளையும் இளம் பூனைகளையும் வாட்டும் குடற் கொள்ளைநோய் ஒன்று வாந்தியும் பேதியுமாக ஓரிரு நாளில் கொன்றுவிடும். அதை நஞ்சென்றே பலர் எண்ணுவர். செம்பனைக் காட்டில் நாகமும் விரியனும் சாதாரணம். மோட்டார் வண்டி இடித்து உள்ளே இரத்தம் கசிந்து, வீடுவரை நடந்து வந்து சாகும் பூனைகளும் உண்டு. இன்னொன்றையும் தாய்மார்கள் கவனிக்க: காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இரக்கப்பட்டு மருந்து கொடுத்தவரே அங்கே காலனாகிவிடுகிறார்.

காரணத்தைத் தவறாகக் கொள்வதன் விலை என்ன என்பதைப் பேராக்கு மக்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் காய்ச்சலும் மயக்கமுமாக விழத் தொடங்கினர். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் முடிவு கட்டப்பட்டது. புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் இறந்தார்கள். நோயுற்ற பன்றிகள் லாரியேறி நெகிரி செம்பிலானுக்குப் போயின. நோயும் கூடவே போயிற்று. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கா பிங் என்ற மருத்துவர் இது இதுவரை உலகம் அறியாத வேறொரு கிருமி என்று கண்டார். நிப்பா என்று இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அந்நோய் ஓயுமுன் மலேசியாவில் நோயுற்ற 265 பேரில் 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அந்தக் காலத்து அதிகாரிகளைக் குறைகூற நாம் இதைச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத எதிரியை முதல் நாளிலேயே இனங்காண்பது எளிதன்று. கொசுவின்மேல் கண்ணாயிருந்த மாதங்களில் உண்மைக் காரணம் தன் பாட்டில் நடந்துகொண்டிருந்தது என்பதே நாம் கவனிக்கவேண்டியது. தவறான ஒருவனைப் பிடித்து வைத்திருப்பது, சரியானவனுக்கு வழிவிட்டு நிற்பதாகும்.

நிற்க. அப்படியானால் பிராணிகளை வேண்டுமென்றே கொல்வோர் இல்லையா என்றால், உண்டு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரின் கோம்பாக்குப் பகுதியில், காசு போட்டால் துணி உலர்த்தும் கடையொன்றில், சினைப் பூனை ஒன்றை உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டுக் கொன்றார்கள். கடையின் கேமரா அதைப் பதிவு செய்திருந்தது. அந்த வழக்கில் 2019 நவம்பரில் ஒருவருக்கு 34 மாதச் சிறையும் 40,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிராணிவதைக்கு நெடுங்காலம் 200 ரிங்கிட்தான் அபராதமாயிருந்தது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், குறைந்தது 20,000 ரிங்கிட், கூடியது 100,000 ரிங்கிட், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்றாயிற்று. ஆகவே சந்தேகம் கொள்வதே பாவம் என்று நாம் உபதேசிக்க வரவில்லை. சந்தேகத்துக்குப் போவதற்கு இடம் இருக்கின்றது. வைத்தியரிடம் போகலாம், போலீசில் எழுதிக் கொடுக்கலாம், கால்நடைச் சேவை இலாகாவுக்குத் தெரிவிக்கலாம். அங்கெல்லாம் போனால் சந்தேகம் தன்னைத் தானே நிரூபிக்கவேண்டி வரும், இல்லையேல் உதிர்ந்துபோகும். நாம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நம்மை நாமே கேட்டால், உதிர்ந்துபோய்விடுமோ என்ற அச்சந்தான் காரணமோ என்று இப்பொழுது தோன்றுகின்றது.

பழைய எகிப்து தேசத்தில் வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். அது அழகிய துக்கம்; யாருக்கும் கேடில்லை. ஆனால் அதே தேசத்தில், கிறிஸ்து பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் அங்குச் சென்ற டியோடோரஸ் என்னும் சரித்திரக்காரர் தம் கண்ணாற் கண்ட வேறொன்றை எழுதுகிறார். ஒரு ரோமானியன் தவறுதலாக ஒரு பூனையைக் கொன்றுவிட்டான். கூட்டம் அவன் வீட்டைச் சூழ்ந்தது. ரோமாபுரியின் நட்பை நாடி மன்னன் காத்திருந்த காலம் அது. மன்னனின் அதிகாரிகள் வந்து கெஞ்சியும் பயனில்லை. அவன் பிழைக்கவில்லை. செத்த பூனையை வழியிற் கண்டவர்கள் கிட்டப் போகாமல் தூர நின்று, நான் வருமுன்பே இது செத்துக் கிடந்தது என்று ஓலமிடுவார்களாம். அன்புக்குப் பெயர்போன ஒரு ஜனசமூகத்தில், செத்த பூனையின் அருகில் நிற்பதற்கே மனிதர் நடுங்கினர்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆங்கிலத்திலேயே பயின்று வளர்ந்தபடியால், தமிழ் நூல்களை நாம் முறையாகக் கையிலெடுத்தது வேலைக்கு வந்தபின்தான். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையைப் படித்தபோது ஒரு செய்தி நம்மைப் பிடித்து நிறுத்திற்று. கீரிப்பிள்ளையைக் கொன்ற பார்ப்பனியின் கதை நம் பாட்டிமார் எல்லாரும் சொல்வது: தொட்டிலிலிருந்த குழந்தையைப் பாம்பினின்றும் காத்த கீரி, வாயில் இரத்தத்தோடு எதிரே வர, குழந்தையைத்தான் கடித்துவிட்டதென்று எண்ணித் தாய் அதைக் கொன்றுவிடுகிறாள். கணவன் அவளைப் பிரிந்து போகிறான். இளங்கோவடிகள் இந்தக் கதையைக் கோவலனோடு இணைத்திருக்கிறார். தெருத்தெருவாய் அலைந்த அந்தப் பெண்ணை அழைத்து, அவளது பாவத்துக்குக் கழுவாய் தேடப் பொருள் கொடுத்து, கணவனோடு சேர்த்துவைத்தவன் கோவலன். இதை மாடலன் மதுரையில் நினைவூட்டுகிறான். மறுநாள் என்ன நடந்தது? கையிலொரு சிலம்பு இருந்தது. அரண்மனையில் ஒரு சிலம்பைக் காணவில்லை. பொற்கொல்லன் ஒரு சொல் சொன்னான். கீரியின் வாயில் இரத்தம் கண்ட தாய் எத்தனை நேரம் யோசித்தாளோ, அத்தனை நேரமே பாண்டியனும் யோசித்தான். அவசர முடிவினால் அழிந்த ஒருத்தியை மீட்டவனே அவசர முடிவுக்கு இரையானான். இரு கதையிலும் முடிவு செய்தவர் கொடியவர் அல்லர். தாய் தன் குழந்தையை நேசித்தாள்; மன்னன் நீதியை நேசித்தான். நாமும் செவலையை நேசித்தோம்.

இனி நமது குற்றத்துக்கு வருவோம்.

செவலை செத்த பத்தாம் நாள் முதியவரின் மகன் ஈப்போ புந்தோங்கிலிருந்து ஒரு கடிதத்தோடு ஆபீசுக்கு வந்தார். தகப்பனாருக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் கண் அறுவை செய்திருக்கிறது. மூன்று மாதம் தம்மோடு இருப்பார். அதுவரை லயத்து வீட்டை அவர் பேரிலேயே விட்டுவைக்க மேனேஜரிடம் சொல்லவேண்டும் என்பது செய்தி. ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதி அதில் எழுதியிருந்தது. செவலை சாவதற்கு இரண்டு நாள் முன்னதாக.

கதவு பூட்டிக் கிடந்ததன் காரணம் தெரிந்துவிட்டது. சந்தேகம் அங்கேயே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. மருந்தை வைத்துவிட்டுப் போயிருக்கலாமே, எலி மருந்து மெதுவாகத்தானே கொல்லும் என்று உள்ளிருந்து ஒரு குரல் சொல்லிற்று. அவர் இருந்திருந்தால் அவர் இருந்ததே சான்று. இல்லாமற் போனதும் சான்று. எந்த உணவைப் போட்டாலும் கொழுக்கும் விலங்கு சந்தேகத்தைப்போல் வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

நாம் அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. “வெச்சிட்டுப் போங்க தம்பி, பார்க்கலாம்” என்று வாங்கி மேசைமீது காகிதங்களின் அடியில் வைத்தோம். மூன்று வாரம் அது அங்கே கிடந்தது. இடையில் புதிதாக வந்த வெளிநாட்டுத் தொழிலாளருக்கு வீடு ஒதுக்கவேண்டி, காலி வீடுகளின் பட்டியல் கேட்டார் மேனேஜர். தயாரித்தவர் நாம். கடைசி வரிசை வீடு பூட்டிக் கிடந்தது; பட்டியலில் ஏறிற்று. பொய் ஒன்றும் எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை மகன் லாரியோடு வந்து, கட்டிலையும் பெட்டியையும் இரண்டு அடுக்குப் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு போனார். கோழிகளை லயத்தார் விலைக்கு வாங்கிக்கொண்டனர். பால்மரக் காலந்தொட்டு அந்தத் தோட்டத்தில் உழைத்த ஒருவரின் பெயர் குடியிருப்புப் புத்தகத்திலிருந்து ஒரு கோட்டால் நீங்கிற்று. அந்தக் கோடும் நமது பேனாவின் கோடே.

வாய்விட்டுச் சொல்லாத சந்தேகம் குற்றமாகுமா என்பது தர்க்கம் பேசுவோர்க்கு நல்ல வினா. மனத்துள் எழுவதை யாரால் தடுக்க முடியும், செயலுக்கல்லவோ மனிதன் பொறுப்பு என்று நாமும் முன்பெல்லாம் வாதிட்டதுண்டு. இன்று அந்த வாதத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. மனத்துள் எழுவது வேறு. அதற்கு நாள்தோறும் சோறு போட்டு வளர்ப்பது வேறு. வளர்ந்தபின் அது வாயால் பேசவேண்டிய அவசியமில்லை. வைத்தியனிடத்தில் அது சிறிது தாமதமாகும். வாத்தியாரிடத்தில் ஒரு மாணவனைப் பார்க்காத பார்வையாகும். கிராணியிடத்தில் காகிதத்தின் அடியில் வைத்த ஒரு காகிதமாகும். சிறு அதிகாரம் உள்ளவர்களின் கொடுமை பெரும்பாலும் சும்மா இருப்பதன் உருவத்திலேதான் வருகின்றது.

இரண்டு மாதம் கழித்து, குடியிருப்பை ஒட்டிய செம்பனையடியில் ஒரு கூகை செத்துக் கிடப்பதாகக் காவலாளி வந்து சொன்னார். நமது நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிப்பதற்கென்றே கம்பத்தில் கூண்டு கட்டிக் கூகைகளைக் குடியேற்றி வளர்ப்பது 1980ஆம் ஆண்டுகளிலிருந்தே பரவிய வழக்கம். கூகை வேலை செய்தும் எலி அடங்காத காடுகளில், மெழுகில் பிடித்த சிறு மருந்துக் கட்டிகளை மரத்துக்கு ஒன்றாக வைக்கிறார்கள். இவ்வகை மருந்து இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பது. உண்ட எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியே எளிதில் அகப்படும் இரை. வலிமை மிகுந்த புதுவகைக் கட்டிகளை உண்ட எலிகளைத் தின்று கூகைகளே மாண்டுபோவது ஆராய்ச்சியாளர் கண்டு எழுதிய செய்தி. பூனைக்கும் அதே கதிதான். தெரிந்த உடனே வைத்தியரிடம் கொண்டுபோனால், கே என்னும் வைட்டமினைக் கொடுத்துக் காப்பாற்றலாம்.

அன்று மாலை ஸ்டோர் புத்தகத்தை எடுத்துப் புரட்டினோம். செவலை செத்த நாளுக்குப் பதின்மூன்று நாள் முன், குடியிருப்பை ஒட்டிய காட்டுக்கு எலி மருந்துக் கட்டிகள் வழங்கிய கணக்கு இருந்தது. நான்கு நாள் கழித்து இரண்டாம் சுற்று. மேலும் நான்கு நாள் கழித்து மூன்றாம் சுற்று. மூன்றுக்கும் எதிரே நமது கையெழுத்து. லயத்தாருக்கு அறிவிப்பு எதுவும் ஒட்டப்படவில்லை. ஒட்டவேண்டும் என்று நமக்குத் தோன்றவுமில்லை.

படிப்பவர் இங்கே ஒரு தவறு செய்யக்கூடும். நாமும் அன்றிரவு அதைச் செய்தோம். ஆகா, உண்மை தெரிந்துவிட்டது, கொன்றவன் கிராணியே என்று தீர்ப்பெழுதினோம். முதியவர்மேல் பாய்ந்த அதே வேகம் திசைமாறி நம்மேல் பாய்ந்தது. உறக்கமில்லை. தன்னைத்தானே தண்டித்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கின்றது. அதுவும் கோபத்தின் சுகமே. ஆனால் அந்தப் புத்தகம் எதை நிரூபிக்கிறது? கட்டிகள் வெளியே போயின என்பதை மட்டும். மூக்கில் இரத்தம் மருந்தாலும் வரும். வண்டி மோதினாலும் வரும். கூகை எதனால் செத்தது என்பதையும் ஒருவரும் பார்க்கவில்லை. ரம்புத்தான் மரத்தடியில் இருந்த ஒரே சான்றை நாமே மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம். செவலை எதனால் செத்தது என்பது இனி என்றைக்கும் தெரியப்போவதில்லை.

இந்தத் தெரியாமையோடு வாழ்வதுதான் கடினமான காரியம். வியாதியால் செத்ததென்றால் அழுது ஆறலாம்; கொலையென்றால் கோபித்து ஆறலாம்; தெரியாது என்றால் எந்தப் பக்கம் சாய்வது? மகளிடம் அதைச் சொல்வதற்கு நமக்குப் பல நாள் ஆயிற்று. ஒரு மாலை மரத்தடியில் உட்கார்ந்து, “அன்னைக்கு அப்பா முகத்தப் பார்த்து நீ யாரோ கொன்னுட்டாங்கன்னு நெனச்சே. அப்பாவுக்கு உண்மையில தெரியாதும்மா” என்றோம். “அப்ப தாத்தா இல்லியா?” என்றாள். நாம் ஒருநாளும் அவளிடம் முதியவர் பெயரை எடுத்ததில்லை. குழந்தைகளுக்குக் காது மட்டுமா இருக்கிறது? அவள் சிறிது நேரம் மண்ணைக் கிளறிவிட்டு, செவலை நல்லாத் தூங்கும், பல்லி பிடிக்கும், மழை வந்தா ஆபீசு ஜன்னல்ல ஏறும் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லத் தொடங்கினாள். அதுவரை நமது வீட்டில் அதன் சாவைப்பற்றித்தான் பேசினோமேயன்றி அது வாழ்ந்த வாழ்வைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. சந்தேகம் செத்ததன் நினைவைக்கூடத் திருடிக்கொண்டுவிடுகிறது.

இப்பொழுது மருந்து வைக்கும் சுற்றுக்கு மூன்று நாள் முன்னதாக, எந்தக் காடு, எந்தத் தேதி என்று தமிழிலும் மலாயிலும் எழுதி லயத்துக் குழாயடியில் ஒட்டுகிறோம். பூனை நாய் வைத்திருப்போர் கட்டி வைக்கலாம். கோழி வைத்திருப்போர் கூட்டில் அடைக்கலாம். மேனேஜர் மறுப்பொன்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் முன்பும் மறுத்திருக்கமாட்டார். வீட்டைப்பற்றியும் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். வேறு வீடு காலியாகும்போது பார்க்கலாம் என்றார். இன்னும் ஒன்றும் காலியாகவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க ஈப்போவுக்குப் போனபோது புந்தோங் சந்தையருகே முதியவரைக் கண்டோம். அவரைத் தேடிப் போகவேண்டும் என்று பல வாரமாய் எண்ணி, ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கண்டுபிடித்துத் தள்ளிப்போட்டவர் நாம்; கடைசியில் சந்தைக் கூட்டம் நம்மை அவர் முன் கொண்டுபோய் நிறுத்திற்று. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். குரலைக் கேட்டுத்தான் நம்மை அடையாளம் கண்டார்.

“கிராணி ஐயாவா! வாங்க, வாங்க. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் வாங்கினோம். சொல்லவேண்டியது தொண்டையில் நின்றது. அவராகவே, “அந்தச் சுப்பன் எப்படி இருக்கு? என் கோழிக்குஞ்சுத் திருடன்” என்று கேட்டுச் சிரித்தார்.

செவலையைச் சுப்பன் என்று அழைத்த வீடு லயத்தில் எது என்று நாம் அதுவரை விசாரித்ததே இல்லை.

இந்தக் கேள்வியையும் அந்தப் பழைய குரல் விட்டுவைக்கவில்லை. நடிக்கிறாரோ என்று அது கிசுகிசுத்தது. அதை நாம் கேட்டோம். கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டோம்.

“செத்துப் போச்சு தாத்தா” என்றோம்.

“அடடா. எப்படி?”

“தெரியல தாத்தா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு கடிதம் மூன்று வாரம் நமது மேசையில் கிடந்த கதையை அவரிடம் சொல்லத் தொடங்கினோம். தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று.